மறைப்பது காப்பதாகாது

நோயாளியை உள்நோயாளியாகச் சேர்க்கும்போது நாங்கள் பல கேள்விகள் கேட்கிறோம். வயது, ஊர், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, முன்பு செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு உடனிருப்பவர்கள் தயங்காமல் விடை சொல்கிறார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் விடை தாமதமாக வருகிறது. "மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்று கேட்டதும் மனைவி மகனைப் பார்க்கிறார்; மகன் சுவரைப் பார்க்கிறார். "எப்போதாவது, விசேஷ நாளில்" என்று மெல்லிய குரலில் ஒரு பதில் வருகிறது. படுத்திருப்பவரின் கைகளோ அப்போதே நடுங்கத் தொடங்கியிருக்கின்றன.

அந்தத் தயக்கத்தின் காரணம் புரியாததன்று. ரிஷிவந்தியம் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு வீட்டின் செய்தி மறுநாள் காலையில் தேநீர்க் கடைக்கு வந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்க வருபவர்கள் முதலில் விசாரிப்பதே தகப்பனாரின் பழக்கத்தைத்தான். ஆகவே குடும்பத்தார் மறைக்கிறார்கள். மறைப்பதே அவரைக் காப்பது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். கடும் உடல்நோய், மனச்சோர்வு, குடி ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும் வீடுகளில் இந்த நம்பிக்கைதான் பெருந்தீங்கு செய்கிறது என்பது என் கருத்து. நம் குடும்பங்கள் பொதுவாக நான்கு வகையில் மறைக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மருத்துவரிடம் மறைப்பது

பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்துவந்த ஒருவர் திடீரென நிறுத்தினால், மதுவுக்குப் பழகிப்போன மூளை நிலைகுலைகிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு அறிவு தடுமாறுகிறது. இல்லாதவரோடு பேசுவார், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்வார், ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிவார். இந்நிலைக்கு உரிய சிகிச்சை இல்லையெனில் உயிர்கூடப் போகலாம்.

இதை அறிந்தால் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகளின் பொருள் விளங்கும். கால் எலும்பு முறிந்து படுக்கையில் சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் இரவு எழுந்து கூச்சலிடுகிறார். "காற்றுக் கருப்பு பட்டுவிட்டது" என்று வீட்டார் மந்திரிக்க ஆள் தேடுகிறார்கள். இன்னொருவர் குடியை விட்டொழிப்பதற்காகவே கார்த்திகையில் மாலை அணிகிறார். நோக்கம் நல்லது, அந்த உறுதி போற்றத்தக்கது. ஆனால் மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வருகிறது. "சாமி குற்றம்" என்று வீடு கலங்குகிறது. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். குடிப்பழக்கத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் மாத்திரைகளைக் கொண்டும் படிப்படியான அளவுக் குறைப்பைக் கொண்டும் இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எனவே நாள்தோறும் குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதாயினும் மாலை அணிவதாயினும், அதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செல்லட்டும். சாமிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியதற்கு வேறு காரணங்களும் உள்ளன. நெடுநாள் குடித்தவரின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கேடு நேரலாம். நினைவாற்றல் நிலையாகவே அழிந்துபோவதும் உண்டு. காசநோய்க்கான ஆறு மாத மருந்துகளில் சில கல்லீரலைத் தாக்கக்கூடியவை. குடிப்பவரின் கல்லீரலைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். மயக்க மருந்தின் அளவும் வலி மாத்திரையின் தேர்வும்கூட இந்த ஒரு விடையைப் பொறுத்து மாறுகின்றன. எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எப்போது என்ற மூன்று செய்திகள் எங்களுக்கு ஒரு ஸ்கேன் படத்தைப் போலவே பயன்படுகின்றன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேறு சான்று தேவையில்லை. 2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். பிழைத்தவர்கள் சிலருக்குக் கண்பார்வை பாதிக்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

மெத்தனால் உடலுக்குள் சென்றதும் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது முதலில் பார்மால்டிஹைடு உருவாகிறது. பிறகு பார்மிக் அமிலம் உருவாகிறது. அந்த அமிலந்தான் கண் நரம்பையும் மூளையையும் தாக்குகிறது. இதற்குப் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஆகும். நல்ல மதுவும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை அவர் வழக்கமான போதையில் இருப்பவர் போலவே தோன்றுவார். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனி மூடியது போன்ற பார்வை ஆகியவை வரும். அந்த இடைவெளியில் கொண்டுவந்தால் அமிலம் உருவாவதைத் தடுக்கும் முறிமருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்க வாய்ப்புண்டு. "குடித்துவிட்டுக் கிடக்கிறார், தெளிந்தால் எழுந்திருப்பார்" என்று வெட்கத்தோடு கதவைச் சாத்திவைக்கும் நேரம் அந்த வாய்ப்பு கழிந்துபோகும் நேரம். குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, வயிற்றுவலியோடு மூச்சிரைத்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். உப்புக் கரைசலைக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அவரோடு குடித்த மற்றவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் வீட்டில் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் சொல்லுங்கள்.

நோயாளியிடம் மறைப்பது

பேருந்து நிறுத்தச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் சில விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்யலாம் என்பது அவற்றின் வாக்குறுதி. சில பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சில வீடுகளில், மருத்துவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த டைசல்பிராம் மாத்திரையை வாங்கி, வேறொருவருக்குக் குழம்பில் கலந்து கொடுத்துவிடுகிறார்கள்.

டைசல்பிராம் உரிய முறையில் தரப்படும்போது பயனுள்ள மருந்துதான். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். இரத்த அழுத்தம் வீழலாம். அந்த அச்சத்தை அறிந்தே அவர் மதுவைத் தவிர்க்கிறார். அறியாமல் உட்கொண்டவர் வழக்கம்போலக் குடிக்கிறார். இதயநோயோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அந்த எதிர்வினை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நோயாளியின் சம்மதமின்றி, அவருடைய இதயத்தையும் கல்லீரலையும் சோதிக்காமல் இதைக் கொடுக்கக் கூடாது.

மருத்துவக் காரணத்தை ஒதுக்கிவைத்தாலும் வேறொரு காரணம் எஞ்சுகிறது. தனக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்தார்கள் என்று ஒருவர் அறிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் நம்பிக்கையோடு ஒரு கவளமும் உண்ணமாட்டார். மனச்சோர்வுள்ளவராயின் சந்தேகம் இன்னும் பெருகும். பிறகு நாம் எழுதித் தரும் நல்ல மாத்திரையையும் அவர் துப்பிவிடுவார். சிகிச்சைக்கு அவரை இணங்கவைக்க இருந்த ஒரே பாலத்தை நாமே இடித்தவர்களாவோம்.

அவரிடம் நேரே பேசுவது கடினம். ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. போதையில் இருக்கும்போது பேச வேண்டாம். அப்போது சொல்வது எதுவும் மறுநாள் அவர் நினைவில் நிற்காது. காலையில், தெளிந்த நேரத்தில், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். இருபது ஆண்டுக் கணக்கையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "நேற்று இரவு நீங்கள் விழுந்ததைப் பார்த்துச் சின்னவன் தூங்கவே இல்லை. வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகலாம், நானும் வருகிறேன்." நடந்தது ஒன்று, கேட்பது ஒன்று. முதல் முறையே இணங்குவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். குடிப்பவர் மறுத்தாலும் குடும்பத்தினர் மட்டும் வந்து ஆலோசனை பெறலாம். பேசும் முறையைக் கற்ற குடும்பத்தினர், நெடுநாள் மறுத்தவரையும் சிகிச்சைக்கு அழைத்துவருவதை நாங்கள் பார்க்கிறோம்.

அதேபோல, குடியின் விளைவுகளை அவர் பார்வையிலிருந்து அகற்றுவதும் ஒரு மறைப்புத்தான். முதலாளிக்குத் தொலைபேசியில் "காய்ச்சல்" என்று சொல்வது, மகளிர் குழுவில் கடன் வாங்கிச் சாராயக் கடனை அடைப்பது, இரவில் உடைந்தவற்றை விடியுமுன் கூட்டி அள்ளிவிடுவது ஆகியவை அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் அவர் தம் நோயின் விலையை அறியாமலே போகிறார். அவர் உடலுக்குத் தேவையான உணவையும் மருந்தையும் தாருங்கள். அவர் சொல்ல வேண்டிய பொய்யை நீங்கள் சொல்லாதீர்கள்.

துயரத்தை மறைப்பது

கல்லீரல் சுருங்கி வயிறு வீங்கியவர், வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வருபவர், பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர், புற்றுநோய் என்று அறிந்தவர் ஆகியோருள் பலருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. நம் ஊரில் எவரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உடம்பெல்லாம் வலி", "நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருக்கிறது", "சோறு இறங்கவில்லை" என்றுதான் சொல்வார்கள். விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஈடுபாடு இராது. வயலுக்குப் போனாலும் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பார். மருந்தை மறுப்பார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இந்நிலை நீடித்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய்.

குடியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. துயரத்தை மறக்கவும் தூங்கவும் ஒருவர் குடிக்கிறார். மது விரைவில் தூங்கவைக்கிறது, நள்ளிரவில் எழுப்பிவிடுகிறது, மறுநாள் துயரத்தைக் கூட்டுகிறது. குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்கு மனச்சோர்வு தானே தணியும். தணியாதவர்களுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன்தரவும் சில வாரங்கள் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். அந்தப் பொறுமையைக் கொடுக்க வேண்டியவர் உடனிருப்பவர்தான்.

இங்கே மறைப்பது மிகக் கொடிய விளைவைத் தருகிறது. "நான் உங்களுக்குப் பாரம்", "நான் போய்விட்டால் எல்லார்க்கும் நிம்மதி" என்று ஒருவர் சொல்லும்போது, "அபசகுனமாகப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் தவறானது. "உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேரே கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே அடைந்து கிடந்ததைச் சொல்ல வழி செய்கிறது. ஆம் என்று சொன்னால் அவரைத் தனியே விட வேண்டாம், அன்றே அழைத்துவாருங்கள். அதுவரை பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மீதமுள்ள மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் பயிரிடும் நம் வீடுகளில் திண்ணையிலேயே பூச்சிமருந்துப் புட்டி நிற்கிறது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து தணிவது. அந்த அலை எழும் நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாதிருந்தாலே பலர் பிழைக்கிறார்கள்.

ஒருவர் நஞ்சு அருந்திவிட்டால் காவல்துறைக்கு அஞ்சி மறைக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அம்முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது ஒரு நடைமுறை. அதற்கு அஞ்சி, எந்த மருந்தை எவ்வளவு அருந்தினார் என்பதை மறைத்தால் இழப்பது உயிரை. புட்டியையும் அட்டையையும் கையோடு எடுத்துவாருங்கள்.

தன் களைப்பை மறைப்பது

நான்காவது, உடனிருப்பவர் தம்மையே மறைத்துக்கொள்வது. பெரும்பாலும் இவர் மனைவி. சில வீடுகளில் தாய். சில வீடுகளில் பள்ளியை நிறுத்திவிட்ட மகள். நோயாளியின் மாத்திரை நேரம் இவருக்கு மனப்பாடம். தம் இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்து இரண்டு மாதமாயிற்று என்பதைச் சொல்லமாட்டார். இரவெல்லாம் கட்டிலின் கீழே பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் களை எடுக்கப் போவார். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்.

குடும்பத்தைச் சிகிச்சையின் பகுதியாக ஏற்கும் வழக்கம் இந்திய மருத்துவத்தின் பெருமைகளில் ஒன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். அதே பத்தாண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பத்தார் நோயாளியுடன் தங்கும் முறை வேரூன்றியது. மேலை நாடுகள் பல நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த காலம் அது. அந்த முன்னோடிகள் உறவினரைக் கூலியில்லாப் பணியாளராக எண்ணவில்லை. நோயைப் பற்றி அவர்களுக்குக் கற்பித்தார்கள். அவர்களுடைய துயரத்தையும் கேட்டார்கள். நாம் அந்த முறையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. உடனிருக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்கிறோம். அவர் எங்கே தூங்குவார், என்ன உண்பார், அவர் மனம் என்னவாகிறது என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் குடிநோய்ச் சிகிச்சையின் வரலாறே உடனிருந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது எனலாம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று அறியப்படும் அந்நிறுவனத்தில் நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தினருக்கென்று தனித் திட்டமும் நடக்கிறது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில், ஊராரின் துணையோடு சிகிச்சை முகாம்களையும் அது நடத்தியிருக்கிறது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் வீட்டுத் துயரத்தை அவர் மறைத்து வைத்திருந்தால் பல ஆயிரம் வீடுகளுக்கு ஒரு கதவு திறந்திருக்காது. அமெரிக்காவிலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 1935இல் அக்ரான் நகரில் குடிநோயாளிகள் இருவர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோன்றியது. அவர்களுள் ஒருவரின் மனைவியான லோயிஸ் வில்சன், குடும்பத்தாருக்கும் அத்தகைய துணை வேண்டும் என்று உணர்ந்து 1951இல் 'அல்-அனான்' அமைப்பு உருவாகக் காரணமானார்.

எனவே உடனிருப்பவர்க்கு நான் சொல்வது இது. நீங்கள் இந்த நோயை உண்டாக்கவில்லை. உங்களால் மட்டும் இதைத் தீர்க்கவும் இயலாது. வாரத்தில் ஒரு நாளேனும் வேறொருவர் உங்கள் இடத்தில் இருக்கட்டும். மைத்துனர் வரலாம், அண்ணன் மகன் வரலாம். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போன உறவினருக்கு நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள். உங்கள் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடி உதை இருக்கும் வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பது மருத்துவத் துணையாகாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டில் சில நாள் இருப்பதால் நீங்கள் அவரைக் கைவிட்டவராகமாட்டீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

மீண்டும் குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று உடைந்துவிட வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தவருக்குத் திருவிழா விருந்துக்குப் பின் அளவு ஏறிவிட்டால் சிகிச்சையைக் கைவிடுகிறோமா? மருந்தைச் சீர்செய்கிறோம். குடிநோயிலும் முதல் சில மாதங்களில் சறுக்குவது பலருக்கும் நேர்கிறது. எந்த நாளில், யாரோடு, எதற்குப் பின் குடித்தார் என்று குறித்துவாருங்கள். கூலி வாங்கிய சனிக்கிழமையா, துக்க வீடா, கேரளத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வேலை முடித்துத் திரும்பிய முதல் நாளா என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த நாளுக்கு முன்னரே ஏற்பாடு செய்யலாம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"எல்லாவற்றையும் வெளியே சொன்னால் மானம் என்னாவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர் முழுவதற்கும் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை. அந்தரங்கம் வேறு, மறைப்பு வேறு. மனநலச் சிகிச்சை பெறுபவரின் செய்திகளை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று முன்சொன்ன சட்டமே ஆணையிடுகிறது. எங்களிடம் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். மற்ற நோயாளிகளின் காதில் விழாத இடத்தில் பேசலாம். மருத்துவர் ஒருவர், நம்பிக்கையான உறவினர் ஒருவர், அவசரத்துக்கு ஓடிவரக்கூடிய அண்டைவீட்டார் ஒருவர் என்று மூவர் அறிந்திருந்தால் போதும். எவருமே அறியாத வீட்டில்தான் ஆபத்து.

மருத்துவமனைகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும். "குடித்துக் கெடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறாய்" என்று வார்டில் பலர் முன்னிலையில் ஒரு நோயாளியை ஏசினால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பத்துக் குடும்பங்கள் அடுத்த முறை பொய் சொல்லும். உண்மையை எதிர்பார்க்கும் நாங்கள், அதைச் சொல்வதால் எவருக்கும் அவமானம் நேராது என்ற உறுதியைத் தர வேண்டும். கேள்வியைத் திரைக்குப் பின்னால் கேட்பதும் உடனிருப்பவர் சாய்ந்துகொள்ள ஓர் இடம் ஒதுக்குவதும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. கல்வராயன் மலையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வலிப்பு வந்தவரை இறக்கிக் கொண்டுவரும் குடும்பத்தின் பாடு, சமவெளியில் இருப்பவர்க்கு எளிதில் விளங்காது. 2024 துயரத்திற்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் அம்மலைவாழ் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் பேருந்தும் அடிப்படை மருத்துவமும் போலவே, மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு மனநல மருத்துவரும் அங்கு வேண்டும். சாராயத்தைப் பிடிப்பது காவல்துறையின் வேலை; குடிப்பவர் ஏன் குடிக்கிறார் என்று கேட்பது மருத்துவத்தின் வேலை. இரண்டாவது நடைபெறாத இடத்தில் முதலாவது மட்டும் நிலையான பலன் தராது.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை நாடலாம். டெலி மானஸ் என்னும் தேசிய மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நோயாளி மட்டுமன்றி உடனிருப்பவரும் அழைக்கலாம். இரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீர்க் குழப்பம், பகலில் உறங்கி இரவில் விழித்துத் தடுமாறுதல், வலிப்பு, பார்வை மங்குதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் மறுநாள் வரை காத்திராமல் வாருங்கள்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது மாத்திரைச் சீட்டோடு ஒரு சிறு தாளையும் கொண்டுவாருங்கள். அவர் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், எத்தனை நாளாகத் தூங்கவில்லை, என்ன சொல்லி வருந்துகிறார் என்பவற்றை அதில் எழுதுங்கள். அதன் கீழே, நீங்கள் கடைசியாக முழு இரவு உறங்கியது எப்போது என்பதையும் எழுதுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளைக் கொடுத்தாலே போதும்.